சிப்புக்குள் ஒரு கங்காணி

தேயிலை ஸ்டோருக்குள் இரவு ஷிப்டில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் கெட்டுப்போகலாம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மேல்மாடியில் நீளநீளமான தொட்டிகளில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தொட்டியின் தலைமாட்டிலும் ஒரு காற்றாடி மோட்டார். கீழே ரோதைகள் கொழுந்தைக் கசக்கி உருட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் அப்பால் டிரையர். உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 95 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும். கொழுந்து சுமார் 20 நிமிடம் தட்டுகளில் ஊர்ந்து, ஈரம் 3 சதவீதத்துக்கு இறங்கி வெளியே வர வேண்டும். சூடு ஏறினால் கருகல் வாடை. இறங்கினால் ஈரம் நின்று மூட்டையிலேயே கெட்டுப்போகும். 100 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 21, 22 கிலோ தேயிலைதான் கிடைக்கும். அந்த 100 கிலோ என்பது ஐந்து பெண்கள் காலையிலிருந்து மாலைவரை குனிந்து நிமிர்ந்து பறித்தது.

இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம், இயந்திரத்தை ரோதை என்போம். ரோதையைக் காக்க ரோதை முனி இருக்கிறார். அவருக்குப் பூசையும் உண்டு. முனிக்குத் துணையாக இப்போது சில ஸ்டோர்களில் சுவரில் ஒரு கண்காணிப்புப் பெட்டியும் தொங்குகிறது. எந்த மோட்டார் நின்றாலும், டிரையரில் சூடு வரம்பு மீறினாலும் அது சங்கு ஊதும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். என் அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரோதை ஓட்டியவர். நான் ஹட்டன் டவுனில் எலக்ட்ரோனிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பெட்டிகள் பழுதானால் என் மேசைக்குத்தான் வரும்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே நகக்கண் அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும். கணினி, நினைவகம், கால்கள் எல்லாம் சேர்ந்த ஒரே சிப். நான் அதிகம் பார்ப்பது எஸ்டிஎம் 32 வரிசையில் 103 என்ற சிப்பை. நொடிக்கு 7 கோடியே 20 லட்சம் துடிப்பில் ஓடும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு அது திரையில் எண்களை எழுத வேண்டும், வெப்பத்தை அளக்க வேண்டும், மோடத்தோடு பேச வேண்டும். இதற்கு நடுவில் இருபது முப்பது மோட்டார்களின் நிலையையும் கவனிக்க வேண்டும்.

கவனிப்பதற்கு இரண்டு வழி. ஒவ்வொன்றாகப் போய் “நீ சுகமா, நீ சுகமா” என்று ஓயாமல் விசாரிப்பது ஒன்று. உள்ளீடு ஐந்தாறு என்றால் அதுவே போதும். அதை நான் குறை சொல்லமாட்டேன். மற்றது, “உனக்கு ஏதாவது ஆனால் நீயே என்னைக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது. அப்படிக் கூப்பிடுவதுதான் இன்டரப்ட். கம்பியில் மின்னழுத்தம் மாறியதும் பிராசஸர் செய்துகொண்டிருந்த வேலையை விட்ட இடத்தில் குறித்து வைத்துவிட்டு, அந்த அழைப்புக்கென்று எழுதிய சின்ன நிரலுக்குத் தாவும். முடித்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பும்.

இந்த ஏற்பாடு 1950களிலேயே வந்துவிட்டது. நெதர்லாந்தில் எலெக்ட்ரோலொஜிகா எக்ஸ்1 என்ற கணினிக்கு இன்டரப்டைக் கையாளும் நிரலை எழுதியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1959இல் முனைவர் பட்டம் பெற்றதும் அதே வேலைக்காகத்தான். இன்டரப்ட் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் தான் பயந்துபோனதாகப் பின்னாளில் அவரே எழுதினார். அழைப்பு எந்தக் கணத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு பிழை நேர்ந்தால் அதே பிழையை மறுபடி நடத்திக் காட்ட முடியாது. அந்தப் பயம் நியாயமானது. ஹட்டனில் ஒரு மழை இரவுக்கு மறுநாள் அதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குமுன் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிராசஸரின் காதுகள் கொஞ்சம்; கூப்பிடுபவர்கள் அதிகம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8259ஏ என்ற இன்டெல் சிப் ஒன்று இருந்தது. எட்டுக் கம்பிகளின் அழைப்பை வாங்கி ஒரே கம்பியில் பிராசஸரிடம் சொல்வது அதன் வேலை. எட்டு போதவில்லை. 1984இல் ஏடி மாடல் வந்தபோது இன்னொரு 8259ஏயைச் சேர்த்தார்கள். அதை நேரே பிராசஸரில் கொண்டுபோய் மாட்டவில்லை. முதல் சிப்பின் இரண்டாம் எண் கம்பியில் மாட்டினார்கள். எட்டும் எட்டும் பதினாறு, இணைப்புக்குப் போன ஒன்று கழிய 15. வன்தட்டு, கடிகாரம் எல்லாம் அந்த இரண்டாவது சிப்பின் கீழ்தான் போயின. இப்படி ஒரு தலைமைச் சிப்பின் கீழ் எட்டு சிப்புகளை மாட்டி 64 கம்பிவரை விரிக்கலாம். கீழே மாட்டிய அந்தச் சிப்தான் இரண்டாம்நிலை இன்டரப்ட் கட்டுப்படுத்தி.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையில் நாற்பது பேர் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிறார்கள். ஒருத்தியைக் குளவி கொட்டிவிட்டது. அவள் பங்களாவில் இருக்கும் துரையை, அதாவது தோட்ட மேலாளரைக் கூப்பிட முடியாது, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியைத்தான் கூப்பிடுவாள். கங்காணி மூலம் துரைக்குப் போவது ஒரே ஒரு செய்தி: “ஏழாம் நம்பர் மலையில ஒரு சங்கதிங்க.” துரை திரும்பிக் கேட்பார்: “யாருக்கு?” அப்போதுதான் கங்காணி பேரைச் சொல்வார். இரண்டு பேருக்கு ஆபத்து என்றால் எது முதல் என்று தீர்மானிப்பவரும் அவரே. சும்மா கத்துகிறவளை “நீ இரு” என்று அடக்குபவரும் அவரே. துரை வேறு வேலையில் இருந்தால் செய்தியை மறக்காமல் வைத்திருக்க வேண்டியவரும் அவரே. யார் என்று சொல்லுதல், வரிசை, அடக்குதல், நினைவில் வைத்தல் ஆகிய நான்கும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. ஆள் தலைக்கு இத்தனை என்று காசு வாங்கியதும், 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை துண்டு என்ற கடன் சீட்டு எழுதி ஆட்களைக் கட்டிவைத்ததும் பழைய கங்காணியின் வேறு கணக்கு. இந்தக் கங்காணியிடம் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் வேறொரு தொல்லை உண்டு. வேலை முடிந்ததும் “முடிந்தது” என்று திருப்பிச் சொல்லாவிட்டால் அது அடுத்த ஆளை அனுப்பாது. ஏடி கணினியில் இரண்டாவது சிப் வழியாக வந்த அழைப்பை முடித்தபின் இரண்டு சிப்புக்கும் தனித்தனியே முடிவுச் செய்தி எழுத வேண்டும். தலைமைச் சிப்புக்கு மட்டும் எழுதிவிட்டுக் கீழ் சிப்பை மறந்தால், அதே நிலையிலும் அதற்குக் கீழ்நிலையிலும் இருக்கும் கருவிகள் எல்லாம் ஊமையாகிவிடும். கணினி நிற்காது, திரை ஓடும், விசைப்பலகை வேலை செய்யும், வன்தட்டு மட்டும் பதில் சொல்லாது. ‘பாதி உயிரோடு இருக்கும்’ பழுதுகளைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

நான் சொன்ன கண்காணிப்புப் பெட்டியில் இருந்த கங்காணி வேறு சாதி. எம்சிபி 23017 என்று பெயர். 16 உள்ளீடு கொடுக்கும் விரிவாக்கச் சிப். அதற்கும் பிராசஸருக்கும் இடையில் இரண்டே கம்பியில் ஓடும் ஐ-டூ-சி என்ற தொடர்பு. உள்ளீட்டில் எது மாறினாலும் தனியாக ஒரு இன்டரப்ட் கால் வழியாகச் சொல்லும். எந்தக் கால் மாறியது என்று ஒரு பதிவேட்டில் குறிக்கும். மாறிய கணத்தில் எல்லாக் கால்களும் எந்த நிலையில் இருந்தன என்பதை இன்னொரு பதிவேட்டில் பிடித்து வைக்கும். அதைப் பிராசஸர் வந்து வாசிக்கும்வரை இன்டரப்ட் காலை விடாது. வாசித்ததே “முடிந்தது” என்று சொன்னதற்குச் சமம். விலை மலிவு, சாலிடர் பிடிக்க இலகு. எனக்குப் பிடித்த சிப்.

அந்தப் பெட்டியில் இப்படி இரண்டு சிப். மோட்டார்களின் அழைப்பும் டிரையரின் சூட்டு அழைப்பும் இவற்றின் வழியாகத்தான். இரண்டின் இன்டரப்ட் கால்களையும் ஒரே கம்பியில் சேர்த்திருந்தார்கள். சும்மா இருக்கும்போது கம்பி 3.3 வோல்ட்டில் நிற்கும். எந்தச் சிப் கூப்பிட்டாலும் அதைப் பூச்சியத்துக்கு இழுக்கும். பிராசஸர் அந்த இறக்கத்தைப் பார்த்து விழித்துக்கொள்ளும். பெட்டியைச் செய்து கொடுத்த கொழும்புக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். வேலைப்பாடு சுத்தமாகத்தான் இருந்தது.

ஆடி மழை. லக்சபான மின்நிலையம் எங்கள் மலைக்குக் கீழேதான், 1950இலிருந்து ஓடுகிறது. ஆனாலும் காற்றடித்தால் முதலில் கரண்ட் இடறுவது எங்களுக்குத்தான். அன்றிரவு கரண்ட் ஒரு நொடி தாழ்ந்து எழுந்தது. மேல்மாடியில் சில மோட்டார்களின் காண்டாக்டர், அதாவது மின் சுவிட்ச், விழுந்தது. பெட்டி மின்கலத்தில் ஓடுவதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கு ஊதியது, ஆட்கள் போய் மோட்டார்களைப் போட்டார்கள். அதோடு பெட்டி ஊமை. ஒரு மணிநேரம் கழித்து டிரையரில் சூடு ஏறியபோது சத்தமே வரவில்லை. கண்டுபிடித்தது டீமேக்கரின் மூக்கு.

மறுநாள் நான் போனபோது அவர் வாசலிலேயே நின்றார்.

“தம்பி, பெட்டி செத்துப்போச்சா?”

“சாகல்லீங்க ஐயா. டைம் ஓடுதே, சூடும் காட்டுதே.”

“அப்புறம் ஏன் கத்தல்ல? கம்பெனிக்காரன் ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்றான். பண்ணா சரியாயிருது. அடுத்த மழைக்கு மறுபடி படுத்துக்குது.”

அணைத்துப் போட்டால் சரியாகும் பழுதை ‘சரியாகிவிட்டது’ என்று எழுதி மூடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. நான் அணைக்க விடவில்லை. அந்த ஒற்றைக் கம்பியில் அளவுமுனையை வைத்தேன். பூச்சியம். எந்த மோட்டாரும் விழவில்லை, யாரும் கூப்பிடவில்லை, ஆனால் கம்பி கீழேயே கிடந்தது.

நடந்தது இதுதான். காண்டாக்டரின் தொடுமுனை ஒரே அடியில் திறந்து மூடாது. சில மில்லிநொடிக்குத் துள்ளும். முதலில் கூப்பிட்டது இரண்டாம் சிப். கம்பி இறங்கியது, நிரல் எழுந்தது. அது எப்போதும் முதல் சிப்பை முதலில் பார்க்கும். பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை. பிறகு இரண்டாம் சிப்பை வாசிக்கப் போனது. வாசித்துக்கொண்டிருந்த அந்தச் சின்ன இடைவெளியில் முதல் சிப்பிலும் ஒரு தொடுமுனை துள்ளியது, அதுவும் கம்பியைப் பிடித்து இழுத்தது. இரண்டாம் சிப் வாசிக்கப்பட்டதும் தன் கையை விட்டது. கம்பி எழவில்லை, ஏனென்றால் முதல் சிப் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிரல் வேலை முடிந்ததென்று தூங்கப் போய்விட்டது. பிராசஸர் எதிர்பார்த்திருப்பதோ மேலிருந்து கீழே இறங்கும் கணத்தை. ஏற்கெனவே கீழே கிடக்கும் கம்பி எப்படி இறங்கும்? முதல் சிப் வாசிக்க ஆள் வரும் என்று பிடித்துக்கொண்டே இருக்கிறது. கம்பி இறங்கினால் போகலாம் என்று பிராசஸர் இருக்கிறது. அணைத்துப் போட்டால்தான் இருவருக்கும் விடிவு.

கம்பி கீழே இருக்கும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிடும்படி பிராசஸரை அமைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. ஆனால் 103இல் வெளிக்கால்களின் இன்டரப்டுக்கு அந்த வசதி கிடையாது. ஏற்றமோ இறக்கமோ, விளிம்பை மட்டும்தான் பார்க்கும். இன்னொன்றும் உண்டு. அந்த வெளிக்கால்களே நேரே பிராசஸருக்குப் போவதில்லை. இடையில் எக்ஸ்டிஐ என்ற பகுதி இருக்கிறது. 5ஆம் எண்ணிலிருந்து 9ஆம் எண்வரையுள்ள கம்பிகள் ஒரே அழைப்பாகவும், 10 முதல் 15 வரையுள்ளவை இன்னோர் அழைப்பாகவும் மேலே போகும். யார் கூப்பிட்டது என்று அங்கும் ஒரு பதிவேட்டைப் பார்த்து, அந்த இடத்தில் 1 எழுதி அழிக்க வேண்டும். அதற்கு மேலே ஆர்ம் கார்டெக்ஸ் எம்3இன் சொந்தக் கட்டுப்படுத்தி. ஆக அந்தச் சின்னப் பெட்டிக்குள் கங்காணிக்கு மேல் கங்காணி, மூன்று அடுக்கு.

தீர்வு சில வரிகள்தான். இரண்டு சிப்பையும் வாசித்த பிறகு நிரல் கம்பியை ஒருமுறை பார்க்க வேண்டும். இன்னும் கீழே இருந்தால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும், எழும்வரை விடக்கூடாது. அதற்கும் மேல் ஒரு காப்பாக, நொடிக்கொரு தரம் கடிகாரம் எழுப்பி “கம்பி கீழே கிடக்கிறதா” என்று பார்க்க வைத்தேன். என்னைக் கேட்டால் இரண்டு சிப்புக்கும் தனித்தனிக் கம்பியே கொடுத்திருக்கலாம். பிராசஸரில் காலுக்குப் பஞ்சமில்லை, அந்தப் பலகையிலேயே பத்துக்கு மேல் சும்மா கிடந்தன. ஒரு கம்பியை மிச்சம் பிடித்த சிக்கனம் இது.

இதில் இயங்குதளத்தின் பங்கு எங்கே என்று கேட்கலாம். பெட்டிக்குள் இருந்தது ஃப்ரீஆர்டாஸ். ரிச்சர்ட் பாரி என்பவர் 2003இல் தொடங்கிய சிறு இயங்குதளம். விண்டோஸ் போலத் திரை, கோப்பு என்று எதுவும் இல்லை. எந்த வேலை இப்போது, எது பிறகு என்று பிரித்துக் கொடுப்பதுதான் அதன் தொழில். 23017ஐ ஒருமுறை வாசிக்க ஐ-டூ-சி கம்பியில் குறைந்தது 36 துடிப்பு வேண்டும். நொடிக்கு 4 லட்சம் துடிப்பு வேகத்தில் ஓடினாலும் 90 மைக்ரோநொடி. அதற்குள் பிராசஸர் 6,000க்கு மேல் துடித்திருக்கும். இன்டரப்ட் நிரலுக்குள் நின்றுகொண்டு அவ்வளவு நேரம் காத்திருந்தால் மற்ற அழைப்புகள் தேங்கும். ஆகவே இன்டரப்ட் நிரல் ஒரு டோக்கனை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிவிடும். தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பணி அந்த டோக்கனைக் கண்டு எழுந்து சாவகாசமாக வாசிக்கும். லினக்ஸும் இதே ஏற்பாட்டை 2009இல், 2.6.30 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. மெதுவான கம்பிக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்படுத்திகளுக்கு இது இல்லாமல் முடியாது.

இன்னொரு சிக்கல் எண். ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களை 0, 1, 2 என்றுதான் எண்ணுவார். மூன்று கங்காணி இருந்தால் மூன்று “5ஆம் ஆள்”. இயங்குதளத்துக்கு ஒரே பட்டியல் வேண்டும். லினக்ஸ் ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் தனி மொழிபெயர்ப்பு அட்டவணை வைத்துக்கொள்கிறது. ஸெஃபிர் என்ற சிறு இயங்குதளம் எண்ணுக்குள்ளேயே பரம்பரையை எழுதிவிடுகிறது. இதற்கு நல்ல உதாரணம் சென்னையிலிருந்தே கிடைக்கிறது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு 2014 முதல் ‘சக்தி’ என்ற பெயரில் பிராசஸர்களை வடிவமைத்து வருகிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்ற திறந்த உரிமத்தில். 2018இல் சண்டிகரை அடுத்த மொஹாலியின் அரச ஆலையில் 180 நானோமீட்டரில் ஒன்று வார்க்கப்பட்டது. 2025இல் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளி வேலைக்கான ‘ஐரிஸ்’ சிப்பை அறிவித்தார்கள். இவை ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பில் ஓடுபவை. ரிஸ்க்-ஃபைவில் பிராசஸருக்கு வெளியுலக அழைப்புக்கான முதன்மைக் கதவின் எண் 11. வெளிக்கருவிகள் எல்லாம் ப்ளிக் என்ற கட்டுப்படுத்தி வழியாக அந்தக் கதவைத் தட்ட வேண்டும். ப்ளிக்கின் கீழ் 1,023 பேர்வரை நிற்கலாம். பிராசஸர் அதன் ஒரு பதிவேட்டை வாசித்தால் முன்னுரிமையில் மேலே இருப்பவரின் எண்ணைக் கொடுக்கும். யாரும் இல்லையென்றால் 0. வேலை முடிந்ததும் அதே எண்ணை அங்கேயே திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தக் கருவி மறுபடி வாய் திறக்காது. ஸெஃபிருக்கு ப்ளிக் இரண்டாம்நிலை. ப்ளிக்கின் 5ஆம் அழைப்புக்கு அது கொடுக்கும் எண் 1547: 5உடன் ஒன்று கூட்டி 6, அதை 256ஆல் பெருக்கி, கதவு எண் 11ஐச் சேர்த்தால் வருவது. எண்ணைப் பிரித்துப் பார்த்தால் யார் வழியாக யார் வந்தார் என்று தெரிந்துவிடும். இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பழுது பார்ப்பவனுக்குப் பட்டியலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியாவிலிருந்து பொறியியல் படிக்கப் போகிறார்கள். கடைக்கு வரும் சிலர் நேராகச் செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் பேசுகிறார்கள். பேசட்டும். ஒரு மலிவான 103 பலகையையும் இரண்டு 23017ஐயும் வாங்கி ஒரே கம்பியில் மாட்டி, மேலே சொன்ன முடக்கத்தைத் தாங்களாகவே வரவழைத்துப் பார்க்கவும் சொல்கிறேன். வராத பழுதை வரவழைக்கத் தெரிந்தவனுக்கு ஸ்டோரிலும் வேலை உண்டு, விண்வெளியிலும் உண்டு.

பெட்டி வாங்கப் போகும் டீமேக்கர்களுக்கும் துரைமாருக்கும் ஒரு வேண்டுகோள். விற்க வருபவர் ஒரு உள்ளீட்டைத் தொட்டுக் காட்டுவார், சங்கு ஊதும், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். போடாதீர்கள். முதல் வரிசையில் ஒரு உள்ளீட்டையும் கடைசி வரிசையில் ஒரு உள்ளீட்டையும் ஒரே சுவிட்சில் சேர்த்து, அதைக் கால் மணிநேரம் விடாமல் தட்டச் சொல்லுங்கள். பிறகு மூன்றாவதாக ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் ஊதினால் வாங்கலாம்.